இசையும் உழைப்பே: ‘கச்சேரிப் பொருளாதார’த்தின் மறைக்கப்பட்ட கணக்கு

2025 ஜனவரி இறுதியில் புவனேசுவரத்தில் நடந்த முதலீட்டாளர் மாநாட்டில் பிரதமர் ஒரு புதிய சொல்லை நாட்டுக்கு அறிமுகப்படுத்தினார். அந்த மாதம் மும்பையிலும் அகமதாபாத்திலும் நடைபெற்ற கோல்ட்பிளே குழுவின் நிகழ்ச்சிகளுக்குத் திரண்ட கூட்டத்தைச் சுட்டிக்காட்டி, இந்தியாவில் ‘கச்சேரிப் பொருளாதாரம்’ வளர்வதற்குப் பெரும் வாய்ப்பு இருக்கிறது என்றார். மூன்றே மாதங்களில் மும்பையின் ஜியோ உலக மையத்தில் ‘வேவ்ஸ்’ உச்சி மாநாட்டைத் தொடங்கிவைத்து, ‘ஆரஞ்சுப் பொருளாதார’த்தின் உதயத்தை அறிவித்தார். தொடக்க நாள் மே 1. எட்டு மணி நேர வேலைக்காக உயிர் கொடுத்த தொழிலாளர்களின் நினைவு நாளில், வேலை நேரமோ குறைந்தபட்சக் கூலியோ வரையறுக்கப்படாத ஒரு தொழிலின் பெருமை முதலாளிகள் நிறைந்த அவையில் முழங்கப்பட்டது.

அரங்க வாடகை, விமானக் கட்டணம், ஓட்டல் அறை, நுழைவுச்சீட்டு வணிகம், விளம்பரம் என எல்லாவற்றையும் சேர்த்து இந்தப் பொருளாதாரத்தின் அளவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் தபேலா வாசிப்பவருக்கு என்ன கிடைத்தது, வயலின் வரிசையில் நான்காவதாக அமர்ந்தவருக்கு முதுமையில் என்ன மிஞ்சியது, கல்யாண ஊர்வலத்தில் டிரம்பெட் ஊதியவரின் குடும்பம் மழைக்காலத்தில் எதைச் சாப்பிட்டது என்ற வரிகள் அந்தக் கணக்கில் இல்லை. அவை தவறுதலாக விடுபட்டவை அல்ல. அந்த வரிகளைச் சேர்த்தால் கணக்கே மாறிவிடும் என்பதால் விலக்கி வைக்கப்பட்டவை.

‘தொழில்முனைவோர்’ என்னும் மாயை

இசையை நம்பி வாழ விரும்பும் இளைஞருக்கு இன்று எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அறிவுரைதான் வருகிறது. நாள்தோறும் ஒரு காணொளி வெளியிடு. உன் பெயரை ஒரு வணிக முத்திரையாக வளர்த்துக்கொள். வகுப்பு எடு, விளம்பரத்துக்கு வாசி, திருமண வரவேற்பில் பாடு. ஒரு வருமானம் நின்றால் மற்றொன்று கைகொடுக்கும். நீ தொழிலாளி அல்ல, தொழில்முனைவோர்!

இவற்றைத் தனித்தனியே பார்த்தால் குறை சொல்ல ஏதுமில்லை. வயிற்றுப்பாட்டுக்காக நாலு வேலை பார்ப்பது உழைப்பாளி மக்களுக்குப் புதிதுமல்ல. ஆனால் சேர்த்துப் பார்த்தால் இதன் உட்பொருள் தெளிவாகும். வாத்தியம், ஒலிப்பதிவு, விளம்பரம், பயணம் ஆகிய செலவுகள் அனைத்தும் கலைஞரின் தலையில். நோய்க்கும் முதுமைக்கும் வேலையில்லா நாளுக்கும் அவரே பொறுப்பு. வருமானத்தின் பெரும்பங்கு மட்டும் மேடையை, தளத்தை, பதிவுரிமையைக் கையில் வைத்திருப்போருக்கு. முதலாளி ஏற்க வேண்டிய இடரை உழைப்பவர் மீது மாற்றிவிட்டு, அதற்குச் ‘சுதந்திரம்’ என்று பெயர் சூட்டும் ஏற்பாடு இது. உணவு விநியோகத் தொழிலாளியைப் ‘பங்குதாரர்’ என்று அழைக்கும் அதே தந்திரம்தான் இசைக்கலைஞரைப் ‘படைப்பாளர்’ என்று அழைத்துக் கைகழுவுகிறது.

இணைய இசைத் தளங்களின் பங்கீட்டு முறையைப் பாருங்கள். ஒரு தோழர் மாதச் சந்தா செலுத்தி, மாதம் முழுவதும் ஒரேயொரு சரோத் கலைஞரின் இசையை மட்டும் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய பணம் அந்தக் கலைஞரைச் சென்று சேரும் என்றுதான் எவரும் நினைப்பார். பெரும்பாலான தளங்களில் அப்படி நடப்பதில்லை. எல்லாச் சந்தாவும் விளம்பர வருவாயும் ஒரே தொட்டியில் கொட்டப்படுகின்றன. தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டபின், மொத்தக் கேட்பு எண்ணிக்கையில் யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பார்த்து மீதி பிரிக்கப்படுகிறது. சரோத்தை மட்டுமே கேட்டவரின் பணமும் கோடிக்கணக்கில் ஒலிக்கும் திரைப்பாடல்களின் உரிமையாளர்களுக்கே பெருமளவில் போகிறது. 2019இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை, 2024 முதல் மற்றொரு விதியையும் கொண்டுவந்தது. முந்தைய 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு அந்தத் தொட்டியிலிருந்து ஒரு காசும் கிடையாது. அந்தப் பங்கு மேலே உள்ளவர்களுக்குப் பிரித்தளிக்கப்படும். இல்லாதவனிடமிருந்து எடுத்து இருப்பவனுக்குக் கொடுப்பது இதற்குமேல் வெளிப்படையாக இருக்க முடியாது.

பெயர் இல்லாத இசைக்குழு

1977இல் வெளியான ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்தில், ஒரு பெரிய முட்டையிலிருந்து வெளிவரும் கதாநாயகன் தன்னை அந்தோணி கோன்சால்வஸ் என்று அறிமுகப்படுத்திக்கொண்டு பாடும் பாடலை நாடே அறியும். அந்தப் பெயரில் ஓர் உண்மையான மனிதர் வாழ்ந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு. கோவாவில் பிறந்து பம்பாய் வந்த வயலின் கலைஞர் அந்தோணி கோன்சால்வஸ், அந்தப் பாடலுக்கு இசையமைத்த இருவருள் ஒருவரான பியாரேலாலின் ஆசிரியர். மாணவர் தம் குருவுக்குச் செய்த மரியாதைதான் அந்தப் பெயர். ஆனால் இந்தித் திரையிசையின் பொற்காலத்தை வாசித்தும் எழுதியும் உருவாக்கிய கோவாக் கலைஞர்கள் நூற்றுக்கணக்கானோருக்கு அந்த மரியாதைகூடக் கிட்டவில்லை. செபாஸ்டியன் டிசோசா போன்றோர், ஒரு மெட்டை முழு இசைக்குழு வாசிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். இசையமைப்பாளர் பெயர் திரையில் பெரிதாக வந்தது. வாசித்தவர்களுக்கு அன்றைய கால்ஷீட் கூலி, அத்தோடு சரி.

அதே 1977இல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பை வழங்கியது. தயாரிப்பாளர் கூலி கொடுத்து இசையமைக்கச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, அந்த இசையின் உரிமை தயாரிப்பாளருக்கே என்றது தீர்ப்பு. அந்த அமர்வில் இருந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1957இல் கேரளத்தில் அமைந்த முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர். அவர் தீர்ப்போடு உடன்பட்டாலும் ஒரு பின்குறிப்பைச் சேர்த்தார். தாளில் எழுதப்பட்ட மெட்டை மட்டுமே ‘இசை’ என்று ஏற்று, பாடுபவரின் குரலையும் நிகழ்த்தும் திறனையும் கணக்கில் கொள்ளாத சட்டம் இந்திய இசையின் இயல்புக்கே பொருந்தாதது. நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்பதே அதன் சாரம்.

நாடாளுமன்றம் அசைவதற்கு நீண்ட காலம் பிடித்தது. நிகழ்த்துநர் உரிமை என்ற சொல்லே 1994 திருத்தத்தில்தான் சட்டத்துக்குள் நுழைந்தது. 2012 திருத்தம் மேலும் ஒரு படி சென்றது. திரைப்பாடல் எழுதுவோரும் இசையமைப்போரும் தம் ராயல்டி உரிமையைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. சமபங்கு அவர்களுக்கு உண்டு என்றது. நிகழ்த்துவோருக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உண்டு என்றது. அது வெற்றிதான். 1960களில் பாடகருக்கு ராயல்டி வேண்டும் என்று லதா மங்கேஷ்கர் கேட்டபோது, கூலி வாங்கியதோடு உறவு முடிந்தது என்று முகமது ரஃபி மறுத்ததும், அதனால் இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து பாடாமல் இருந்ததும் வரலாறு. அந்த விவாதத்துக்குச் சட்டம் அரை நூற்றாண்டுக்குப் பிறகு விடை சொன்னது.

ஆனால் அதே திருத்தம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தது. நிகழ்த்துநர் என்பதன் வரையறைக்கு ஒரு காப்புரை சேர்க்கப்பட்டது. திரைப்படம் ஒன்றில் ஒருவரது பங்களிப்பு தற்செயலானதாகவோ இடையில் நேர்ந்ததாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை எனில், ஒரு சிறிய விதிவிலக்கு நீங்கலாக, அவர் நிகழ்த்துநராகக் கருதப்பட மாட்டார். முதலாளிக்கு இது எவ்வளவு வசதி என்று பாருங்கள்! பெயர் போடாமல் விடுவது தொழில் வழக்கம். பெயர் போடாததால் உரிமை இல்லை. குற்றமே குற்றவாளிக்குச் சான்றிதழ் ஆகிறது. நாற்பது வயலின்களில் ஒன்றை வாசித்தவரின் உழைப்பு ‘தற்செயல்’ என்று வாதிட நிறுவன வழக்கறிஞருக்குச் சட்டமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

2017இல் சரிகம நிறுவனம் 5,000 பழைய பாடல்களை அடக்கிய ‘காரவான்’ என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதியோர் விரும்பி வாங்கினர்; நிறுவனத்துக்கு அது புதுவாழ்வு. அந்தப் பாடல்களின் முன்னிசையிலும் இடையிசையிலும் ஒலிக்கும் புல்லாங்குழலும் மாண்டலினும் அக்கார்டியனும் யாருடையவை? பெரும்பாலானவற்றுக்குப் பதில் சொல்ல ஏடுகூட இல்லை. இறந்துபோன உழைப்பு மீண்டும் மீண்டும் பண்டமாகிறது. உழைத்தவர் ஒருமுறை மட்டுமே கூலி பெற்றார்.

ஊர்வலத்தின் முன்னே, வாழ்வின் பின்னே

திரையிசை வெளிச்சமாவது பட்ட துறை. வட இந்திய நகரங்களின் கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களைப் பற்றி எந்த உச்சி மாநாடும் பேசாது. தங்கச் சரிகைச் சீருடை, தலைப்பாகை, மின்விளக்கு அலங்கார வண்டி என எல்லாவற்றிலும் பேண்டு உரிமையாளரின் பெயர் பொறித்திருக்கும். சீருடைக்குள் இருப்பவர் பெரும்பாலும் கிராமத்திலிருந்து முகூர்த்தப் பருவத்துக்கு மட்டும் வரும் தலித் அல்லது ஏழை முஸ்லிம் தொழிலாளி. முன்பணம் வாங்கி அந்தப் பருவத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் பலர். நள்ளிரவு வரை ஊதி, கடைக்குள்ளேயே படுத்து, முகூர்த்தமில்லா மாதங்களில் செங்கல் சூளைக்கோ வயலுக்கோ திரும்புகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து தலையில் விளக்குச் சுமப்பவர்கள் ‘கலைஞர்’ என்ற சொல்லுக்குள்ளும் வராதவர்கள். 2020இல் பெருந்தொற்றின் பெயரால் ஊர்வலங்கள் நின்றபோது இவர்களில் யாருக்கும் வேலையிழப்பு ஈடு கிடையாது. இவர்களை வேலைக்கு வைத்திருந்ததாகச் சொல்லும் ஏடு எங்குமே இல்லை.

புரவலர் மரபைப் பொற்காலமாகப் போற்றுவோரும் உண்டு. சந்தை கைவிட்டாலும் பண்பாடு காப்பாற்றும் என்பார்கள். மேற்கு ராஜஸ்தானின் மாங்கணியார், லங்கா சமூகங்களைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகப் புரவலர் குடும்பங்களின் பிறப்புக்கும் திருமணத்துக்கும் பாடி, தானியமும் கால்நடையும் பெற்று வாழ்ந்த முஸ்லிம் இசைக் குடிகள் அவர்கள். உலக மேடைகளில் அவர்களைக் காட்டி இந்தியா பெருமை கொள்கிறது. 2017இல் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் தந்தல் கிராமத்தில் மாங்கணியார் பாடகர் ஒருவர் கொல்லப்பட்டார். பூசைச் சடங்கில் அவர் பாடியது பூசாரிக்குத் திருப்தி அளிக்கவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அச்சத்தில் அந்த ஊர் மாங்கணியார் குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின. புரவலரின் அருள் உரிமை ஆகாது. அருளைத் தருபவனே அதைப் பறிக்கவும் வல்லவன். சாதியப் படிநிலையின் மேல் நிற்கும் ஆதரவு எவ்வளவு இனிமையாகத் தோன்றினாலும் கலைஞரைக் குடிமகனாக்குவதில்லை.

இது வர்க்கப் பிரச்சினையா?

நம் தோழர்களிடையே இரண்டு ஐயங்கள் எழலாம். இரண்டுக்கும் நேராகப் பதில் சொல்வது அவசியம்.

முதல் ஐயம்: இசைக்கலைஞர் சிறு உடைமையாளர்தானே, ஆலைத் தொழிலாளியோடு அவரை ஒப்பிடலாமா? உபரி மதிப்புக் கோட்பாடுகளை ஆராய்ந்த மார்க்ஸ், பாடகியையே எடுத்துக்காட்டாகக் கொண்டார். தன் பாட்டைத் தானே விற்கும் பாடகி மூலதனத்தைப் பெருக்குவதில்லை. அதே பாடகியை ஒரு முதலாளி அமர்த்திப் பாடவைத்துப் பணம் ஈட்டினால், அவர் மூலதனத்தை உற்பத்தி செய்யும் உழைப்பாளி ஆகிறார். பாட்டு ஒன்றுதான், உற்பத்தி உறவு வேறு. இன்றைய நிலையை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்திலும் நிகழ்ச்சி நிறுவனத்தின் மேடையிலும் பேண்டு கடையிலும் இசைப்பவர் யாருடைய மூலதனத்தைப் பெருக்குகிறார்? வாத்தியம் அவருடையதாக இருக்கலாம். தையல் இயந்திரம் தன்னுடையது என்பதால் வீட்டிலிருந்து உருப்படிக் கூலிக்குத் தைக்கும் பெண் முதலாளி ஆகிவிடுவதில்லையே!

இரண்டாவது ஐயம்: பதிப்புரிமை என்பது தனியுடைமை, அதை இடதுசாரிகள் ஆதரிக்கலாமா? மக்களின் பொதுச் சொத்தாகிய பண்பாட்டைக் கம்பெனிகள் வேலி போட்டு வளைப்பதை நாம் எதிர்க்கிறோம், எதிர்க்கவும் வேண்டும். ஆனால் நிகழ்த்துநரின் ராயல்டி அந்த வேலி அல்ல. ஒரு நாள் உழைப்பைப் பதிவு செய்து ஐம்பது ஆண்டு விற்கும் தொழிலில், அது பின்னர் வந்து சேர வேண்டிய கூலி. வேலியை உடைக்கும் நாள்வரை, வேலிக்குள் ஈட்டப்படும் லாபத்தில் உழைத்தவருக்குப் பங்கு கேட்பதில் எந்த முரண்பாடும் இல்லை. அதேவேளை ராயல்டி மட்டுமே தீர்வு என்று நம்புவதும் பிழை. அது வெற்றி பெற்ற பதிவுக்கே பலன் தரும். பேண்டு தொழிலாளிக்கும் கிராமத்துக் கலைஞருக்கும் அதனால் எதுவும் கிட்டாது. ஆகவே கூலி, சமூகப் பாதுகாப்பு, பொது நிறுவனங்களில் வேலை ஆகிய மூன்றும் ராயல்டியோடு சேர்ந்தே வர வேண்டும்.

வரலாறு காட்டும் வழி

அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 அன்று ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் தொடங்கியது. இசைத்தட்டும் வானொலியும் நேரடி இசையின் வேலைகளை விழுங்கிய காலம் அது. போர்க்காலத்தில் வேலைநிறுத்தமா என்று பத்திரிகைகள் தூற்றின. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சங்கம் அசையவில்லை. இறுதியில் பெரிய நிறுவனங்களும் பணிந்து, விற்கும் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு தொகையைச் சங்க நிதிக்குச் செலுத்த ஒப்புக்கொண்டன. அந்த நிதியிலிருந்து வேலையற்ற கலைஞர்களுக்குக் கூலி கொடுத்து, மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தப்பட்டன. பிரான்சில் 12 மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்த நிகழ்கலைத் தொழிலாளிக்கு, வேலையில்லா நாட்களுக்கு உதவித்தொகை பெறும் உரிமை உண்டு. அதை வெட்டக் கைவைத்த போதெல்லாம் அவர்கள் வீதிக்கு வந்தார்கள். வரையறுக்க முடியாத தொழில் என்று இங்கே கூறப்படும் சாக்கு, அங்கே செல்லுபடியாகவில்லை.

நம் நாட்டிலும் வேர்கள் உண்டு. 1943இல் பம்பாயில் உருவான இப்டா, கலைஞரை மக்கள் போராட்டத்தின் ஒரு பகுதியாகக் கண்டது. அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் ‘லால் பாவ்டா’ கலைக்குழுவாக ஆலைப் பகுதிகளில் பாடினார்கள். கம்யூனிஸ்ட் இயக்கத்திலிருந்து வந்த இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைப்பதில் முன்நின்றார். பம்பாய்க் கலைஞர்களும் சங்கம் அமைத்துத் தரவாரியாகக் கூலி நிர்ணயித்தார்கள். 1952இல் டெல்லி வானொலியில் ‘வாத்ய விருந்தா’ தேசிய இசைக்குழு தொடங்கப்பட்டபோது, இசைக்கலைஞருக்கு மாதச் சம்பளம் தரும் பொறுப்பு அரசுக்கு உண்டு என்பது ஏற்கப்பட்ட கொள்கையாக இருந்தது.

1990களில் மின்னணுக் கருவிகளும் தனித்தனியே பதிவு செய்யும் முறையும் வந்து, பெரும் இசைக்குழுக்கள் ஒரே கூடத்தில் அமர்ந்து வாசித்த காலத்தை முடித்தன. சேர்ந்து உட்கார்ந்த கூடம் கலைந்ததும் சங்கத்தின் வலிமையும் கரைந்தது. இப்போது மனிதக் குரலையும் வாசிப்பையும் கற்றுக்கொண்டு போலி செய்யும் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. கருவி எதிரி அல்ல; கருவி யார் கையில் என்பதே கேள்வி. பல்லாயிரம் கலைஞர்களின் பதிவுகளை ஒப்புதலும் கூலியும் இன்றி விழுங்கி, அவர்களுக்கே போட்டியாக நிறுத்தப்படும் இயந்திரம், திருடிய உழைப்பின் குவியலே.

கோரிக்கைகளும் கடமைகளும்

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், 1981ஆம் ஆண்டின் திரைத் தொழிலாளர் சட்டத்தை விழுங்கிவிட்டன. புதிய தொகுப்பில் ‘ஒலி-ஒளித் தொழிலாளி’ என்ற வரையறைக்குள் பாடகரும் இசைக்கலைஞரும் வருகிறார்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது. ஆனால் அது படம், தொலைக்காட்சி, இணையத் தொடர் போன்றவற்றைச் சுற்றி அமைந்த வரையறை. கச்சேரி மேடையும் கல்யாண ஊர்வலமும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. ஊதிய வரம்பை நிர்ணயித்து யாரையும் வெளியே தள்ளும் அதிகாரமும் அரசின் கையில். தொகுப்புகளை முற்றாகத் திரும்பப் பெறக் கோரும் நமது போராட்டத்தில் இசைத் தொழிலாளரின் கோரிக்கைகளும் இடம்பெற வேண்டும்:

நிகழ்த்துநர் வரையறையில் உள்ள காப்புரையை நீக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் வாசித்தவர் பெயரைப் பொறிப்பதைச் சட்டக் கடமை ஆக்க வேண்டும்.

மேடை, பேண்டு, பதிவுக்கூடம் என எல்லா இடங்களிலும் இசைப்போருக்குக் குறைந்தபட்சக் கூலியும் வேலை நேரமும் நிர்ணயிக்க வேண்டும்.

பெருநிகழ்ச்சிகளின் நுழைவுச்சீட்டு வருவாயிலும் இணையத் தளங்களின் வருவாயிலும் தீர்வை விதித்து, ஓய்வூதியம், மருத்துவம், வேலையில்லாக் கால உதவிக்கான நல நிதி அமைக்க வேண்டும். அதன் நிர்வாகத்தில் சங்கங்களுக்குப் பெரும்பான்மை வேண்டும்.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வாத்தியக் கலைஞர் பணியிடங்களை நிரந்தர அடிப்படையில் நிரப்ப வேண்டும். அரசுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இசை ஆசிரியர் பணியிடம் உருவாக்க வேண்டும்.

ஒப்புதலும் ஊதியமும் இன்றி எந்தக் கலைஞரின் குரலையும் வாசிப்பையும் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்ய வேண்டும்.

இவற்றை அரசிடம் கேட்பதோடு நம் வேலை முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் பேண்டு தொழிலாளர், மேடைக் கலைஞர், இசை கற்பிப்போர் பட்டியலைத் தயாரித்து, அவர்களை அமைப்புசாராத் தொழிலாளர் சங்கங்களுக்குள் கொண்டுவருவது தொழிற்சங்க அரங்கின் பணி. நம் மாநாடுகளிலும் கலை இரவுகளிலும் பாட வரும் கலைஞருக்கு உரிய கூலியை முன்கூட்டியே பேசி, மேடையிலிருந்து இறங்கும்போதே கையில் கொடுப்பது வரவேற்புக் குழுக்களின் நெறியாக வேண்டும். கொள்கைக்காகப் பாடுகிறார் என்பதால் அவர் வீட்டில் அடுப்பு தானாக எரிந்துவிடாது. உலகமே கொண்டாடும் அண்ணாபாவ் சாத்தே 1969இல் வறுமையில்தான் இறந்தார். சிலைகளும் அஞ்சல் தலைகளும் பிறகு வந்தன.

நிலையான வாழ்வு தனிமனிதச் சாமர்த்தியத்தால் அமைவதில்லை. ஆலையில் எட்டு மணி நேர வேலையையும் ஓய்வூதியத்தையும் ஈட்டியது எந்தத் தனித் தொழிலாளியின் திறமையும் அல்ல, ஒன்றுபட்ட போராட்டமே. இசைக்கலைஞருக்கும் வேறு வழி இல்லை. இசைக்குழுவில் ஒவ்வொரு வாத்தியமும் தன் சுருதியை மற்றவற்றோடு சேர்த்துக்கொண்டுதான் ஒலிக்கிறது. அந்தக் கலையை நன்கு அறிந்த தொழிலாளர்கள் சங்கமாகச் சேர்வது கடினமல்ல. அவர்களிடம் செல்வோம்.